கடைசி ஐந்து நானோமீட்டர்

தடுப்பூசி என்றதும் குப்பிக்குள் இருக்கும் மருந்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எந்தக் கிருமிக்கு எதிரானது, யார் கண்டுபிடித்தது, எத்தனை சதவீதம் பலிக்கிறது என்று கேட்கிறார்கள். என் வேலை அந்தக் குப்பிக்கு வெளியே இருந்தது. உடம்புக்குள் போன மருந்து, தான் சேர வேண்டிய செல்லுக்குள் நுழைந்ததா என்பதைப் பார்ப்பதிலேயே என் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதி கழிந்தது. செல்லைச் சுற்றியுள்ள சவ்வின் தடிமன் ஏறத்தாழ 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை இரண்டு லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. டிஎன்ஏ தடுப்பூசியைப் பல்லாண்டு காலம் தடுத்து நிறுத்தியது அந்தத் தூரம்தான். அதைக் கடக்க நாங்கள் எடுத்த வழி மின்சாரம்.

டிஎன்ஏ தடுப்பூசியின் அடிப்படை எளிமையானது. வழக்கமான தடுப்பூசியில் செயலிழக்கச் செய்த கிருமியையோ அதன் புரதத்தையோ உடம்புக்குக் காட்டுகிறோம். இதில் புரதத்தைத் தருவதில்லை. புரதம் செய்வதற்கான குறிப்பைத் தருகிறோம். அந்தக் குறிப்பு பிளாஸ்மிட் எனப்படும் வட்ட வடிவ டிஎன்ஏவில் இருக்கும். தசைச் செல்லோ தோல் செல்லோ அதை உள்ளே வாங்கி, உட்கரு வரை கொண்டுபோய், படித்து, கிருமியின் புரதத்தைத் தானே தயாரிக்க வேண்டும். நோயெதிர்ப்பு மண்டலம் அதைப் பார்த்து எதிர்ப்பொருளையும் டி-செல்களையும் உருவாக்கிக்கொள்ளும். கிருமி தாக்கிய செல்லில் நடப்பதைப் போலவே புரதம் செல்லுக்குள் உண்டாவதால், டி-செல்கள் நன்றாகத் தூண்டப்படும். பிளாஸ்மிட்டைப் பாக்டீரியாவில் விரைவாகவும் மலிவாகவும் பெருக்கலாம். கடுங்குளிர்ப் பெட்டி இல்லாமலும் அது கெடாமல் இருக்கும். இவ்வளவு நல்ல பொருளுக்கு இருக்கும் பெருங்குறை, அது தானாகச் செல்லுக்குள் போகாது என்பதே. பல ஆயிரம் எழுத்துகள் கொண்ட பிளாஸ்மிட் மிகப் பெரிய மூலக்கூறு. எதிர் மின்னேற்றம் கொண்டது. கொழுப்பால் ஆன சவ்வு அதை உள்ளே விடுவதில்லை.

சவ்வை மின்சாரத்தால் திறந்து டிஎன்ஏவை உள்ளே அனுப்பும் தொழிலை நான் கற்றது பாக்டீரியாவில். சென்னையில் ஒரு மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் இளம் ஆய்வாளராகச் சேர்ந்தபோது, அங்கே மூத்த டெக்னீஷியனாக இருந்த அக்காதான் மின்துடிப்பு கொடுக்கும் மிஷினை எனக்குப் பழக்கினார். ஈ. கோலை பாக்டீரியாவை வளர்த்து, ஐஸில் வைத்து, குளிர்ந்த நீரிலும் பிறகு 10 சதவீதக் கிளிசராலிலும் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். வளர்ப்புக் கரைசலின் உப்பு மிஞ்சக் கூடாது. உப்பு இருந்தால் மின்சாரம் தாறுமாறாகப் பாயும். துடிப்பு கொடுத்த கணத்தில் குவெட்டுக்குள் பொறி பறந்து, ‘டப்’பென்ற சத்தத்தோடு எல்லாம் வெந்துபோகும். “உப்பு மிச்சம் இருந்தா அடிச்சிடும்மா, இன்னொரு தடவை கழுவிடு” என்பார் அக்கா. கழுவுவது அலுப்பான வேலை. ஆனால் அடுத்த சில மில்லிசெகண்டுகளில் நடக்கப்போவதை அந்த அலுப்பான வேலைதான் முடிவு செய்கிறது.

குவெட் என்பது இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி உள்ள சின்னப் பிளாஸ்டிக் கிண்ணம். கழுவிய பாக்டீரியாவையும் பிளாஸ்மிட்டையும் அதில் சேர்த்து 1,800 வோல்ட் கொடுப்போம். சென்டிமீட்டர் கணக்கில் பார்த்தால் 18,000 வோல்ட். மிஷின் திரையில் ஓர் எண் வரும். மின்சாரம் எவ்வளவு நேரத்தில் வடிந்தது என்பதைச் சொல்லும் எண் அது. 5 மில்லிசெகண்டை ஒட்டி வந்தால் கரைசல் சுத்தமாக இருந்தது என்று பொருள். “நம்பரைப் பார்த்து நோட்டுல எழுதிட்டு அப்புறம் சந்தோஷப்படு” என்பது அக்காவின் பாடம். துடிப்பு முடிந்ததுமே சத்தான கரைசலை ஊற்றி, 37 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் தேறவிட வேண்டும். ஊற்றுவதில் தாமதித்தால் துளைபட்ட செல்கள் பெரும்பாலும் இறந்துவிடும். செல்லைத் திறப்பது ஒரு வேலை என்றால், திறந்த செல்லைப் பிழைக்க வைப்பது அதற்குச் சமமான இன்னொரு வேலை. பின்னாளில் எலியின் காலிலும் மனிதரின் கையிலும் துடிப்பு கொடுக்கும்போது, அந்த ஆய்வக மேசையில் கற்ற ஒழுங்கைத்தான் நான் பின்பற்றினேன்.

பாக்டீரியாவுக்குச் சென்டிமீட்டருக்கு 18,000 வோல்ட் என்றால் எலிக்கு எவ்வளவு? முதன்முதலில் கேட்பவர்கள் திகைப்பார்கள். எலியின் தசைக்குச் சென்டிமீட்டருக்கு 200 வோல்ட் போதும். தொண்ணூறில் ஒரு பங்கு. இதற்கான கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த நாளில்தான் இந்தத் துறை எனக்குப் பிடிபட்டது.

மின்புலத்துக்குள் வைத்த செல்லில், சவ்வின் இரு பக்கத்துக்கும் இடையே உண்டாகும் மின்னழுத்தம் செல்லின் அளவைப் பொறுத்தது. உருண்டையான செல் என்றால் மின்புலத்தை ஆரத்தால் பெருக்கி, அதை ஒன்றரையால் பெருக்க வேண்டும். பாக்டீரியாவின் ஆரத்தை அரை மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். சென்டிமீட்டருக்கு 18,000 வோல்ட் என்பது மைக்ரானுக்கு 1.8 வோல்ட். பெருக்கினால் 1.35 வோல்ட். தசை நார் 50 மைக்ரான் குறுக்களவு கொண்ட நீண்ட உருளை. ஆரம் 25 மைக்ரான். உருளைக்குக் குறுக்கே மின்புலம் கொடுத்தால் ஒன்றரைக்குப் பதில் இரண்டால் பெருக்க வேண்டும். சென்டிமீட்டருக்கு 200 வோல்ட் என்றால் கிடைப்பது ஒரு வோல்ட். வெளியே நாம் கொடுப்பதில் தொண்ணூறு மடங்கு வித்தியாசம் இருந்தாலும் சவ்வு உணர்வது ஏறக்குறைய ஒரே அளவைத்தான்.

அந்த ஒரு வோல்ட் சாதாரணமானதல்ல. 5 நானோமீட்டர் தடிமனுக்குக் குறுக்கே ஒரு வோல்ட் என்றால், மீட்டருக்கு 20 கோடி வோல்ட். காற்றில் பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும். அப்படிப்பட்ட விசையில் நீர் மூலக்கூறுகள் கொழுப்பு அடுக்குக்குள் புகுந்து நுண்துளைகளை உண்டாக்குகின்றன. அளவாகக் கொடுத்தால் துடிப்பு நின்ற பிறகு சவ்வு மெல்ல மெல்லத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அளவு மீறினால் செல்லால் மீள முடியாது. கட்டிகளை அழிப்பதற்கு மருத்துவர்கள் வேண்டுமென்றே அப்படி மீறுவதும் உண்டு. தடுப்பூசிக்காரர்களுக்கு அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் நிற்பதே வேலை. செல் பிழைத்திருந்தால்தானே புரதம் செய்யும்.

மின்துடிப்பால் செல்லுக்குள் மரபணுவைச் செலுத்த முடியும் என்று 1982-இல் எபர்ஹார்ட் நியூமன் குழுவினர் எலியின் செல்களில் காட்டினார்கள். எலெக்ட்ரோபொரேஷன் என்ற பெயர் அந்தக் கட்டுரையில்தான் நிலைபெற்றது. ஆனால் டிஎன்ஏ எப்படி உள்ளே போகிறது என்பதைக் கண்ணால் பார்க்க இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. 2002-இல் பிரான்ஸின் தூலூஸ் நகரிலிருந்து முரியல் கோல்சியோ, ஜஸ்டின் தெய்சியே, மரி-பியேர் ரோல்ஸ் ஆகியோர் ஒளிரும் சாயம் ஏற்றிய டிஎன்ஏவைத் தனித்தனிச் செல்களில் படம்பிடித்தார்கள். துளை திறந்ததும் டிஎன்ஏ மளமளவென்று உள்ளே பாய்ந்துவிடவில்லை. எதிர்மின்முனையைப் பார்த்த பக்கத்துச் சவ்வில் மட்டும் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு, துடிப்பு நின்று நிமிடங்கள் கடந்த பிறகு, உள்ளே நகர்ந்தது.

அந்தப் படங்கள் எங்கள் கைவேலைக்கு நேரடியாகப் பயன்பட்டன. டிஎன்ஏ எதிர் மின்னேற்றம் கொண்டது என்பதால் மின்புலம் அதை நேர்மின்முனை நோக்கித் தள்ளுகிறது. வழியில் இருக்கும் செல்லின் முதுகில் போய் அது மோதுகிறது. ஆகவே துடிப்புக்கு இரண்டு வேலை. சவ்வைத் திறக்க வேண்டும். டிஎன்ஏவைச் சவ்வோடு கொண்டுபோய் அழுத்தவும் வேண்டும். மதகைத் திறந்துவிட்டால் மட்டும் தண்ணீர் கடைமடைக்குப் போய்விடாது, வாய்க்காலுக்கு வாட்டம் வேண்டும் என்பது விவசாயிக்குத் தெரியும். இங்கும் அதே கதைதான். மிகக் குறுகிய, உயர் அழுத்தத் துடிப்பு திறப்பதற்கு நல்லது. தாழ்ந்த அழுத்தத்தில் நீண்டு நிற்கும் துடிப்பு தள்ளுவதற்கு நல்லது. இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுக்கும் முறையும் வந்தது. இன்னொன்றும் உறுதியாயிற்று. துடிப்பு கொடுக்கும்போது டிஎன்ஏ அந்த இடத்தில் இருந்தாக வேண்டும். துடிப்பைக் கொடுத்துவிட்டுப் பிறகு டிஎன்ஏவைச் செலுத்தினால் பலனில்லை.

டிஎன்ஏ தடுப்பூசிக்கு மின்சாரம் ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். 1990-இல் ஜான் வுல்ஃப் குழுவினர் வெறும் பிளாஸ்மிட்டை எலியின் தசையில் ஊசியால் ஏற்றினார்கள். எதுவும் நடக்காது என்று எதிர்பார்க்க வேண்டிய சோதனை அது. ஆனால் தசை அந்த மரபணுவைப் படித்துப் புரதம் செய்தது. 1993-இல் மார்கரெட் லியு, ஜெஃப்ரி உல்மர் உள்ளிட்ட மெர்க் நிறுவனத்து ஆய்வாளர்கள், இப்படி ஏற்றிய டிஎன்ஏ எலிகளை இன்ஃப்ளுயன்ஸாவிலிருந்து காத்ததைக் காட்டினார்கள். தடுப்பூசி உலகமே பரபரத்தது. மனிதப் பரிசோதனைகள் தொடங்கின. பாதுகாப்பில் குறையில்லை, எதிர்ப்புச் சக்தி மட்டும் எலியில் வந்த அளவுக்கு வரவில்லை. டோஸை ஏற்றிப் பார்த்தார்கள். அப்போதும் போதவில்லை.

எலிக்குப் பலித்தது மனிதருக்கு ஏன் பலிக்கவில்லை? எலியில் நாங்கள் ஊசி போடும் தசை, பின்னங்காலின் முழங்காலுக்குக் கீழே முன்பக்கமாக இருப்பது. எடை ஏறத்தாழ 50 மில்லிகிராம். அதற்குள் 50 மைக்ரோலிட்டர் கரைசலை ஏற்றினால் தசையின் எடைக்குச் சமமான திரவம் உள்ளே நிற்கிறது. அந்த அழுத்தமே சில செல்களின் சவ்வை நெகிழ்த்திவிடும். மனிதரின் தோள் தசையில் ஒரு மில்லிலிட்டர் ஏற்றினால் அது நார்களின் இடையே பரவி, அழுத்தம் எதுவும் இல்லாமல் கரைந்துபோகும். டிஎன்ஏவின் பெரும்பகுதி செல்லுக்கு வெளியே நொதிகளால் சிதைக்கப்படுகிறது. குறிப்பில் குறையில்லை. குறிப்பு படிப்பவரின் கைக்குப் போய்ச் சேரவில்லை. 1998-இல் ஒசாகாவைச் சேர்ந்த அய்ஹாராவும் மியாசாகியும் எலியின் தசையில் டிஎன்ஏவோடு மின்துடிப்பும் கொடுத்தார்கள். மரபணுவின் வெளிப்பாடு பல மடங்கு கூடியது. மறு ஆண்டு பிரான்ஸின் லூயி மிர் குழுவினர் 20 மில்லிசெகண்ட் நீளமான எட்டுத் துடிப்புகள், சென்டிமீட்டருக்கு 200 வோல்ட் என்று அளவுகளை ஒழுங்குபடுத்தினார்கள். உலகெங்கும் எலித் தசையில் வேலை செய்த நாங்கள் எல்லோரும் அந்த அளவிலிருந்துதான் தொடங்கினோம். 2000-இல் அதே வழியில் கொடுத்த டிஎன்ஏ தடுப்பூசி எதிர்ப்புச் சக்தியை வெகுவாகக் கூட்டுகிறது என்பதும் நிரூபணமானது.

மேற்படிப்புக்குப் பிறகு நான் வேலை செய்ததும் அந்த எலிகளோடுதான். எலியை மயக்கத்தில் ஆழ்த்தி, காலின் முடியை மழித்து, டிஎன்ஏவை மெல்ல ஏற்றுவேன். தோலின் மேல் மின்கடத்தும் ஜெல் தடவி, இரண்டு தட்டை மின்முனைகளைக் காலின் இருபுறமும் இதமாகப் பிடிக்க வேண்டும். இறுக்கினால் இடைவெளி குறைந்து புலம் கூடிவிடும். தளர்ந்தால் தொடர்பு விட்டுப்போகும். நொடிக்கு ஒன்றாகத் துடிப்பு போகும்போது ஒவ்வொன்றுக்கும் கால் வெட்டி இழுக்கும். மயக்கம் முழுமையாக இருக்கிறதா என்பதைத் துடிப்புக்கு முன்பும் பின்பும் பார்ப்பேன். விழித்த பிறகு அது நடப்பதைக் கவனிப்பது என் வழக்கம். நடையில் தயக்கம் தெரிந்தால் அந்த அளவு வேண்டாம் என்று குறித்துக்கொள்வேன். தசையின் செல்களுக்கு இடையே இருக்கும் பசை போன்ற பொருளை ஹயலூரோனிடேஸ் என்ற நொதி கரைத்துவிடும். அதை முன்னதாக ஏற்றினால் டிஎன்ஏ நன்றாகப் பரவும். வோல்ட்டைக் குறைத்தாலும் பலன் கிடைக்கும். வோல்ட்டைக் கூட்டாமல் பலனைக் கூட்ட வழி இருக்கிறதா என்று தேடுவதே நல்ல வேலை என்று நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

பலனைப் பார்க்க மின்மினிப் பூச்சியின் மரபணுவைப் பயன்படுத்துவோம். லூசிஃபெரேஸ் என்ற நொதியைச் செய்யும் மரபணு அது. சில நாள் கழித்து அந்த நொதிக்கு ஏற்ற பொருளை எலிக்கு ஏற்றி, இருட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கேமராவில் பார்த்தால், டிஎன்ஏ நுழைந்த தசை ஒளிரும். ஒரு காலில் வெறும் ஊசி, மறுகாலில் ஊசியோடு துடிப்பு. திரையில் ஒரு பக்கம் மங்கலாகவும் மறுபக்கம் பளிச்சென்றும் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு இந்தத் துறையை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. பிறகு இன்னொன்றும் தெளிவானது. துடிப்பு கொடுத்த இடத்தில் லேசான வீக்கம் வருகிறது. நோயெதிர்ப்புச் செல்கள் அங்கே கூடுகின்றன. டிஎன்ஏவை உள்ளே சேர்ப்பதோடு, இங்கே கவனியுங்கள் என்று நோயெதிர்ப்பு மண்டலத்தை அழைப்பதையும் துடிப்பே செய்துவிடுகிறது.

எலியிலிருந்து மனிதருக்கு வந்தபோது வேலையின் தன்மையே மாறிவிட்டது. அமெரிக்காவில் ஒரு முதல்கட்டப் பரிசோதனையில் துடிப்புக் கருவியைக் கையாளும் குழுவில் இருந்தேன். முன்வந்தவர்களை எடுத்துக்கொள்வதற்கு முன் நாங்கள் பார்க்கும் பட்டியல் மற்றத் தடுப்பூசிகளில் இல்லாதது. இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா, ஊசி போடும் இடத்துக்கு அருகே உலோகத் தகடு வைத்திருக்கிறதா, அந்த இடத்தில் பச்சை குத்தியிருக்கிறார்களா, தடித்த தழும்பு உண்டா என்று கேட்போம். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பின் தடிமனைக் கிள்ளி அளப்போம். கொழுப்பு மின்சாரத்தை மோசமாகக் கடத்தும். மின்முனை ஊசி அதைத் தாண்டித் தசைக்குள் நிற்க வேண்டும்.

மனிதருக்கு வோல்ட்டை நிலையாக வைப்பதைவிட மின்னோட்டத்தை நிலையாக வைக்கும் கருவிகள் பொருத்தமானவை. ஆளுக்கு ஆள் திசுவின் மின்தடை மாறும். கருவி அதை அளந்து தன் அழுத்தத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். இனோவியோ நிறுவனத்தின் செல்லெக்ட்ரா கருவியின் தசை முறையில் ஐந்து ஊசி மின்முனைகள், 0.5 ஆம்பியரில், 52 மில்லிசெகண்ட் நீளமான மூன்று துடிப்புகள். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். அந்தச் சில நொடிகளில் கை தன்னிச்சையாக வெட்டி இழுக்கும், வலிக்கும். வலி உச்சத்துக்குப் போய்ச் சில நிமிடங்களில் இறங்கிவிடும்.

“ஷாக் அடிக்குமா?” வந்தவர்கள் எல்லோருமே கேட்ட முதல் கேள்வி அதுதான். ஆமாம், அடிக்கும், கை இழுக்கும், வலிக்கும், சீக்கிரம் போய்விடும் என்று உள்ளதைச் சொல்வேன். எறும்புக் கடி மாதிரிதான் இருக்கும் என்று சொல்லி உட்கார வைத்தால், முதல் டோஸோடு அவர் நம்பிக்கை போய்விடும். டிஎன்ஏ தடுப்பூசிகள் பெரும்பாலும் இரண்டு மூன்று டோஸ் கொண்டவை; ஒருவர் திரும்பி வருவதுதான் தடுப்பூசியின் பாதி வெற்றி. முன்கூட்டியே உண்மையைக் கேட்டுக்கொண்டவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அடுத்த டோஸுக்கும் வந்தார்கள். கருவியின் அளவுகளைப் போலவே இந்தப் பேச்சும் முறையின் ஒரு பகுதி என்று புதிதாகச் சேர்ந்தவர்களிடம் சொல்லிக்கொடுத்தேன்.

வலியைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணமே துறையைத் தசையிலிருந்து தோலுக்குத் திருப்பியது. தோலில் நோயெதிர்ப்புச் செல்கள் நிறைய உண்டு. ஆழமாகப் போக வேண்டியதில்லை. மின்னோட்டமும் குறைவாகப் போதும். தசை இழுப்பும் அவ்வளவு இருக்காது. 2017-இல் ஜிகா வைரஸுக்கு எதிரான டிஎன்ஏ தடுப்பூசியை 40 பேருக்குத் தோலில் ஏற்றித் துடிப்பு கொடுத்த ஆய்வின் முடிவுகள் வந்தன. மூன்றாவது டோஸுக்குப் பிறகு எல்லோரிடமும் எதிர்ப்பொருள் தென்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முந்தைய நிலையில் இருந்த பெண்களுக்குத் தசையில் துடிப்போடு கொடுத்த விஜிஎக்ஸ்-3100 என்ற டிஎன்ஏ மருந்தின் முடிவுகள் வந்திருந்தன. மருந்து பெற்ற 107 பேரில் 53 பேருக்கு அந்த நிலை பின்வாங்கியது. மருந்தில்லா ஊசி பெற்ற 36 பேரில் 11 பேருக்கு. ஏற்கெனவே தோன்றிவிட்ட பாதிப்பை டி-செல்கள் பின்வாங்கச் செய்ததைக் காட்டிய ஆய்வு அது. மின்துடிப்பு எலிக்கு மட்டும் பலிக்கும் வித்தை என்று கேட்டுக்கேட்டுச் சலித்திருந்த எங்களுக்கு அந்த எண்கள் பெரிய தெம்பு.

வெளியிலிருந்து கொடுக்கும் டிஎன்ஏ நம் மரபணுத் தொகுதியில் ஒட்டிக்கொள்ளாதா என்று படித்தவர்களும் படிக்காதவர்களும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பிளாஸ்மிட் தனி வட்டமாகவே உட்கருவில் இருக்கிறது. தன்னை நம் மரபணுவில் செருகிக்கொள்ளும் நொதி அதனிடம் இல்லை. வெறும் ஊசியால் ஏற்றிய டிஎன்ஏவை எலிகளில் ஆராய்ந்தபோது, ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு நம் செல்களில் இயல்பாக நிகழும் மாற்றங்களைவிட மிகமிகக் குறைவு என்று தெரிந்தது. மின்துடிப்போடு கொடுக்கும்போது செல்லுக்குள் போகும் டிஎன்ஏ கூடுவதால் அங்கே இன்னும் கவனமாகத் தேடினார்கள், அரிதாகத் தென்பட்டது. அதனால்தான் ஒவ்வொரு புதிய முறைக்கும் அந்தச் சோதனையைச் செய்துகாட்டச் சொல்கிறார்கள். அது தேவையான கண்டிப்பு.

பிறகு கோவிட் வந்தது. எம்ஆர்என்ஏ தடுப்பூசிகள் முந்திக்கொண்டன. எம்ஆர்என்ஏ உட்கருவுக்குள் போக வேண்டியதில்லை, செல்லின் உள்ளே வந்தாலே போதும். அதையும் நுண்ணிய கொழுப்புக் குமிழ்களுக்குள் பொதிந்து அனுப்பினார்கள். சவ்வைக் கடக்கும் வேலையை அந்தக் குமிழ் பார்த்துக்கொண்டது. அந்தக் குமிழைச் செம்மைப்படுத்த எடுத்துக்கொண்ட ஆண்டுகள் இல்லாவிட்டால் அந்தத் தடுப்பூசிகளும் இல்லை. மின்துடிப்போடு கொடுக்கும் இனோவியோவின் கோவிட் தடுப்பூசியின் விஷயத்தில், 2020 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அடுத்த கட்டப் பரிசோதனையைப் பகுதியளவு நிறுத்திவைத்தது. அது கேட்ட கேள்விகளில் துடிப்புக் கருவியைப் பற்றியவையும் இருந்தன. கருவியும் மருந்தின் ஓர் அங்கமே என்றுதான் ஒழுங்குமுறை அமைப்பும் பார்க்கிறது.

2021 ஆகஸ்ட் 20-ஆம் தேதி, அகமதாபாத்தின் சைடஸ் கெடிலா உருவாக்கிய சைகோவ்-டி தடுப்பூசிக்கு இந்தியா அவசரகால அனுமதி வழங்கியது. மனிதர்களுக்கு அனுமதி பெற்ற உலகின் முதல் டிஎன்ஏ தடுப்பூசி அது. சுமார் 28,000 பேர் பங்கேற்ற பரிசோதனையின் இடைக்கால முடிவில் 66.6 சதவீதப் பலன் தெரிந்தது. அதை மின்துடிப்போடு கொடுக்கவில்லை, ஊசியும் இல்லை. ஃபார்மாஜெட் நிறுவனத்தின் கருவி, மருந்தை மெல்லிய தாரையாக விசையோடு பீய்ச்சித் தோலுக்குள் செலுத்தும். ஒவ்வொரு முறையும் 2 மில்லிகிராம், இரண்டு கைகளிலும் பாதிப் பாதியாக; மூன்று டோஸ். என் வழி வேறாக இருந்தாலும் அன்று எனக்கு முழு மகிழ்ச்சி. டிஎன்ஏ மனிதருக்குப் பலிக்குமா என்ற பழைய கேள்வி அன்றோடு தீர்ந்தது. கொண்டுசேர்க்கும் முறை சரியானால் பலிக்கும்.

மின்துடிப்பின் பக்கத்தில் மிச்சமிருந்த பெரிய தடை விலை. மருத்துவமனையில் வைக்கும் துடிப்புக் கருவி ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். இதற்கு ஒரு விடை அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கிலிருந்து வந்தது. சென்னை ஐஐடியில் படித்த சாத் பாம்லாவின் குழு, நம் சமையலறையில் அடுப்புப் பற்றவைக்கும் கேஸ் லைட்டரை எடுத்துக்கொண்டது. லைட்டரை அழுத்தும்போது உள்ளே ஒரு சுத்தி சிறு படிகத்தை அடிக்கிறது. அழுத்தப்பட்ட படிகம் ஆயிரக்கணக்கான வோல்ட்டை உண்டாக்குகிறது. பேட்டரியும் வேண்டாம், மின் இணைப்பும் வேண்டாம். சுத்தியை விடுவிப்பது உள்ளிருக்கும் ஸ்பிரிங் என்பதால், அழுத்துபவரின் கைபலம் எப்படியிருந்தாலும் அடி ஒரே மாதிரி விழும். துடிப்பும் ஒரே மாதிரி வரும். 2020-இல் அதை வைத்துப் பாக்டீரியாவுக்குள் டிஎன்ஏவைச் செலுத்தும் பேனா அளவுக் கருவியைச் செய்தார்கள்; செலவு கால் டாலருக்கும் குறைவு.

அடுத்த ஆண்டு, நுண்ணூசி ஆய்வில் பெயர்பெற்ற மார்க் பிரவுஸ்னிட்ஸுடன் சேர்ந்து அதையே தடுப்பூசிக்குக் கொண்டுவந்தார்கள். தோலின் மேலடுக்கை மட்டும் தொடும் நுண்ணூசிகளே மின்முனைகள். ஊசிகளுக்கு இடையே தூரம் மிகக் குறைவு. அதனால் புலம் மேலடுக்கிலேயே நிற்கிறது, ஆழத்தில் இருக்கும் தசையையும் நரம்பையும் பெரும்பாலும் தொடுவதில்லை. எலிகளில் கோவிட் டிஎன்ஏ தடுப்பூசியைக் கொடுத்தபோது, துடிப்பில்லாத ஊசியைவிடப் பல மடங்கு எதிர்ப்பொருள் வந்தது. கருவியின் செலவு ஒரு டாலருக்கும் கீழ். அந்தக் கட்டுரையைப் படித்ததும் வரிக்கு வரி சரிபார்த்தேன். புலம், ஆரம், துடிப்பின் நீளம் எல்லாம் எங்கள் பழைய கணக்குக்குள்தான் வந்தன. இயற்பியல் மாறவில்லை. கிடைக்கும் இடத்தில் கிடைக்கும் பொருளைக் கொண்டு அதைச் செய்துகாட்டியதுதான் புதுமை.

எலியில் பலித்தது மனிதரில் பலிக்காமல் போன வரலாற்றை இந்தக் கட்டுரையிலேயே சொன்னேன். ஆகவே அந்தச் சிறு கருவி மனிதத் தோலில் தன்னை நிரூபித்துக் காட்ட வேண்டும். வலி எவ்வளவு, தழும்பு வருமா, வெவ்வேறு வயதின் தோலில் ஒரே பலன் உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டும். ஆனால் திசை சரியானது. எனக்குப் பின்னால் இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஒரு தடுப்பூசியைப் பற்றிப் படிக்கும்போது, அது செல்லுக்குள் எப்படிப் போகிறது, அதைக் கொடுக்க யாரால் முடியும் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேளுங்கள். மரபணுவை வடிவமைக்கக் கணினியில் சில நாள் போதும் என்ற காலம் வந்துவிட்டது. கொண்டுசேர்க்கும் வழியைச் செம்மைப்படுத்த இன்னும் ஆண்டுக்கணக்கில் ஆகிறது. ஆகவே ஆய்வுக்கான பணமும் கவனமும் அங்கேதான் கூடுதலாகப் போக வேண்டும். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு செவிலியர் மின் இணைப்பை நம்பாமல், ஒரு கையால், வந்தவர் பயந்து ஓடாதபடி கொடுக்க முடிகிற தடுப்பூசியைத்தான் நான் முடிந்த தடுப்பூசி என்று ஒப்புக்கொள்வேன்.